ஒரே ஆள், இரண்டு கட்டுரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி மையத்து நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்தவள். அங்கேயே கல்யாணமாகி, குவார்ட்டர்ஸிலேயே மகனை வளர்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். அத்தனை வருஷத்தில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது கொரோனாவுக்கு முந்தைய ஒன்றரை வருஷத்துச் சனிக்கிழமைகள்தான். அந்தச் சனிக்கிழமைகளில் காலையில் டவுன்ஷிப் வாசலில் நின்று, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போவேன். அங்கே ஒரு டாக்டர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, நாங்கள் இருவரும், உலகத்தில் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தோம்.

டாக்டர் முதலில் என்னைத் தேடி வந்தது ஒரு புதன்கிழமை. வெளியாட்கள் உள்ளே வர வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதில் ஏதோ குழப்பம் என்று கேட்டிலிருந்து போன் வந்தது. நானே போய் அழைத்து வந்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். தலையில் முக்காடு, தோளில் கனமான லேப்டாப் பை. செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் பேத்தாலஜி டாக்டராக இருந்தார். அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன நோய் என்று சொல்லும் வேலை. பிறந்தது எங்கள் டவுன்ஷிப்புக்குப் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில். சின்ன வயதில் எங்கள் காம்பவுண்டுச் சுவரை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே வருவது இதுதான் முதல் தடவை என்றார்.

அவர் தேடி வந்தது கார்டோமா என்கிற ஒரு புற்றுநோயைப் பற்றி. முதுகெலும்பின் அடி நுனியிலோ, தலை எலும்பின் அடியிலோ மெதுவாக வளருமாம். மிக அரிது. எத்தனையோ வருஷ வேலையில் அவர் மூன்றே மூன்று தடவைதான் அதை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். மூன்றாவது ஸ்லைடு போன மாதம் வந்ததாம். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கட்டுரைகளின் பட்டியல் வேண்டுமா என்றேன். பட்டியல் அவரிடமே இருந்தது.

"பேரெல்லாம் இருக்கு மேடம். இவங்கள்ல யாரு யாரோட சேர்ந்து வேல பாக்குறாங்கன்னு தெரியணும். அது தெரிஞ்சா எந்தக் கதவைத் தட்டலாம்னு தெரிஞ்சிடும்."

இது எனக்குப் பழக்கமான வேலை. எங்கள் மையத்தின் ஆண்டறிக்கைக்கு, அந்த வருஷம் யார் என்னென்ன கட்டுரை எழுதினார்கள் என்று தொகுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பெயர்களை மட்டுமே பார்த்துப் பார்த்து, அதில் என் கண் பழகிவிட்டிருந்தது. பத்து வருஷம் சேர்ந்தே எழுதிய இரண்டு பேர் திடீரென்று தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் ஏதோ சண்டை என்று அர்த்தம். கேன்டீனுக்குச் சேதி போகும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஒருத்தர் பெயர் மூன்றாவது இடத்திலிருந்து கடைசி இடத்துக்கு நகர்ந்தால் அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் நீங்கள்தான் எனக்கு வேண்டிய ஆள் என்றார்.

அடுத்த சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போனேன். கொளவாய் ஏரிப் பக்கமாக, ரயில் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. கீழே அவர் கணவரின் டைல்ஸ் கடைக்கான சரக்கு அடுக்கியிருக்கும். மாடியில் ஒரு அறை. அதில் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை, நான்கைந்து நாற்காலி, ஒரு பழைய மின்விசிறி. கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எழுதியவர்கள் பெயர், ஊர், மருத்துவமனை, வருஷம் என்று லேப்டாப்பில் ஏற்றினோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தால் அவர்களுக்கு நடுவில் ஒரு கோடு. எத்தனை கட்டுரை சேர்ந்து எழுதினார்களோ அத்தனை தடிமனான கோடு. கம்ப்யூட்டர் இதையெல்லாம் தானே வரைந்துவிடும். ஆனாலும் இந்தியாவில் எழுதப்பட்டவற்றை மட்டும் டாக்டர் சார்ட் பேப்பரில் கையால் வரைந்தார். கையால் வரைந்தால்தான் மனசில் நிற்கும் என்பார்.

பெயர்களில் பெரிய தொல்லை இருந்தது. நம் ஆட்களின் பெயர் ஓர் இதழில் முன்னெழுத்தோடு வரும், இன்னொன்றில் அப்பா பெயர் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். நூலகத்தில் இது அன்றாடப் பாடு. ஒரே புத்தகத்துக்கு இரண்டு பதிவு விழுந்துவிட்டால் கண்டுபிடித்து ஒன்றாக்க வேண்டும். அதில் எனக்குப் பொறுமை உண்டு. டாக்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பத்துப் பெயர் சரிபார்த்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். மதியம் நெய்ச்சோறும் கத்திரிக்காய் தாளிச்சாவும் வரும். நான் கறி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் கறியே சமைக்கவில்லை என்பதை வெகுநாள் கழித்து அவர் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எப்போது 'மேடம்' போய் 'அக்கா' வந்தது என்று நினைவில்லை. நான் மட்டும் கடைசி வரைக்கும் 'டாக்டர்' என்றே கூப்பிட்டேன்.

நாலைந்து மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. வெளிநாடுகளில் இரண்டு மூன்று பெரிய கொத்துகள். அவற்றுக்குள் சிலந்திவலை மாதிரிக் கோடுகள், கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே கடல் கடந்தும் தடிமனாகக் கோடுகள். ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தவர் நாடு விட்டு நாடு போனால் கோடும் அவர் கூடவே போயிருந்தது. மருத்துவமனைகளுக்கு நடுவே பெரிய ஒப்பந்தமெல்லாம் அப்புறம்தான், முதலில் யாரோ ஒருத்தர் ஊர் மாறியிருக்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. ஒருவனும் ஒருத்தியும் முதலில் ஒரே ஒரு கட்டுரையில் சேர்ந்திருப்பார்கள், பிறகு எல்லாவற்றிலும் சேர்ந்திருப்பார்கள், பிறகு அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடித்த அன்று டாக்டர் கீழே போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

நம் நாட்டுப் பக்கம் வந்தால் படம் வேறு மாதிரி. அங்கங்கே ஒரு நட்சத்திரம். நடுவில் துறைத் தலைவர், சுற்றிலும் அவரிடம் படித்தவர்கள். நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை, வெறும் தாள். டாக்டரின் மருத்துவமனையும் அதில் ஒரு சின்ன நட்சத்திரம். சில வருஷங்களுக்கு முன்னால் அங்கேயிருந்து ஒரு கட்டுரை வந்திருந்தது. துறைத் தலைவர் பெயர் கடைசியில், அப்போது அங்கே இருந்த அறுவை சிகிச்சை டாக்டர் பெயர் முதலில், எங்கள் டாக்டர் மூன்றாவது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனை. அங்கேயிருந்தும் இதே நோயைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இல்லை. ஒரு கட்டுரை மற்றதை மேற்கோள்கூடக் காட்டவில்லை.

கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று நான் படிப்பதில்லை. எனக்கு அது புரியாது. பெயர், முகவரி, வருஷம், அவ்வளவுதான் என் வேலை. ஒரு சனிக்கிழமை கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. டாக்டர் கீழே போயிருந்தார். சும்மா இருக்க முடியாமல், அச்செடுத்து வைத்திருந்த கட்டுரைகளை ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டுக் கட்டுரையில் இடுப்பு எலும்பின் எக்ஸ்ரே ஒன்று. வலது தொடை எலும்பில் ஒரு உலோகத் தகடு, அதில் திருகுகள். எப்போதோ அடிபட்டு, தகடு வைத்திருக்கிறார்கள். ஆறு திருகில் மேலிருந்து இரண்டாவது மட்டும் கோணலாக இறங்கியிருந்தது. அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தாள் கட்டு முழுவதையும் புரட்டினேன். சென்னைக் கட்டுரையிலும் ஓர் எக்ஸ்ரே. அதே தொடையில் தகடு, ஆறு திருகு, அதே இரண்டாவது திருகு அதே பக்கமாகக் கோணல்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் மேலே வந்ததும், இது ஒரே ஆளா பாருங்கள் டாக்டர் என்றேன். அவர் நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சென்னைக் கட்டுரையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு வார்த்தை விடாமல் படித்தார். நோயாளி ஆட்டோ ஓட்டுநர், நாற்பதுகளில் வயது, வேறு எங்கோ முதல் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, கட்டி மறுபடி வளர்ந்ததால் இங்கே வந்தார் என்று அதில் இருந்தது. வேறு எங்கோ என்பது செங்கல்பட்டுதான். செங்கல்பட்டுக் கட்டுரை முடிந்த விதமும் எனக்குத் தெரியும், டாக்டரே ஒருமுறை படித்துக் காட்டியிருந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு நோயாளி கண்காணிப்புக்கு வரவில்லை என்று ஒரே வரியில் முடிந்திருந்தது.

டாக்டர் தாளைக் கீழே வைக்கவில்லை. கடைசிப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளி நலமாக இருக்கிறார், தன் தொழிலுக்குத் திரும்பிவிட்டார் என்று அங்கே எழுதியிருந்தது.

"அவரு செத்துட்டாருன்னு நெனச்சிட்டேன்கா," என்றார். "வரலன்னா செத்துட்டாங்கன்னுதான் நாங்க நெனச்சுக்குவோம்."

அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை. அந்த நோயைப் பற்றி நாட்டில் எழுதப்பட்டதே கொஞ்சம். அதில் ஒரே மனிதர் இரண்டு பேராக நின்றுகொண்டிருந்தார். ஒருவர் காணாமல் போனவர், இன்னொருவர் பிழைத்தவர். இருவருக்கும் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனைப் பதிவேட்டில் முகவரி திருக்கழுக்குன்றம் என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பதிவேட்டில் இருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. மருத்துவமனை மூலமாக ஒரு கடிதம் போட்டோம், அதற்கும் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை நான் திருக்கழுக்குன்றத்திலேயே இறங்கிக்கொண்டேன். டாக்டர் செங்கல்பட்டிலிருந்து வந்தார். மலையடிவாரத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் போய் விசாரித்தோம். நோயைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டோம். அங்கே நின்றவர், அண்ணாத்த டீ குடிக்கப் போயிருக்கு, இப்ப வந்துடும் என்றார்.

வந்தவர் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். கையில் தடி இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ரப்பர் வளையம் மாதிரி ஒரு திண்டு போட்டிருந்தார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த மருத்துவமனையிலிருந்து வருகிறோம் என்று சொன்னார். அவர் முகம் மாறவில்லை.

"இன்னாத்துக்கு? மறுபடியும் எதனா கீதா?" என்றார்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, உங்கள் உடம்பிலிருந்து எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தவள் நான்தான், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்க்க வந்தேன் என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் இந்த மனிதரை இதற்கு முன் பார்த்ததே இல்லை. பேத்தாலஜி டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய சதையை இவ்வளவு நாள் அறிந்திருந்தார், ஆளை இப்போதுதான் பார்க்கிறார். ஆட்டோக்காரரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டிய பாத்தது நீதானாம்மா?" என்றார் கடைசியில். "உனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிச்சா?"

பக்கத்துக் கடையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். படாளத்துக்காரர், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். தொடையில் தகடு வந்தது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி இடித்த கதை. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் செங்கல்பட்டுக்குப் போகாமல் இல்லை. சொன்ன தேதியில் போயிருக்கிறார். ஆபரேஷன் செய்த டாக்டர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னார்களாம். புதிதாக இருந்தவர் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை அப்படியே நடந்தது. பிறகு உட்காரவே முடியாமல் போக, வண்டியில் வந்த ஒரு சவாரி சென்னை மருத்துவமனையின் பெயரைச் சொல்ல, சதை பதித்த மெழுகுக் கட்டியையும் ரிப்போர்ட்டையும் லேப் ஊழியரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போயிருக்கிறார்.

"செங்கல்பட்டுல பண்ணாங்கன்னு அங்க சொன்னேன். போன் போட்டுக் கேளுங்கன்னேன். கேக்கறோம்னாங்கோ," என்றார். "யாரும் கேக்கலபோல. நான் இங்கியேதான் கீறேன். வூடுகூட மாத்தல. நம்பர்தான் மாத்திகினேன்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் அவருக்கு விஷயத்தை விளக்கினேன். அவரைப் பற்றி இரண்டு இடத்திலும் எழுதியிருக்கிறார்கள், பெயர் போடாமல், இரண்டு தனித்தனி ஆட்கள் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது என்றேன். அப்படியானால் ஒருத்தன் வராமலே போயிட்டான், ஒருத்தன் வண்டி ஓட்டிகினு கீறான், அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதல் ஆளை அடித்துவிடச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அதைத் திருத்தி எழுத உங்கள் சம்மதம் வேண்டும் என்றார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார் அவர்.

திருத்தி எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை. செங்கல்பட்டில் டாக்டரின் துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அச்சில் வந்துவிட்ட கட்டுரை, யாரும் கேட்கவில்லை, நம் குறையை நாமே ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றாராம். அன்று மாலை டாக்டர் போனில் என்னிடம் சொன்னார். ஆனால் அவர் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"சார், அவரு உசிரோட இருக்காரு. இது குறையில்ல, சேதி. சொல்லாம விட்டாத்தான் குறைன்னு சொன்னேன்கா."

சென்னை டாக்டரும் முதலில் முகம் கொடுக்கவில்லை. அவர் அறுவை சிகிச்சை நிபுணர், அந்தத் துறையில் பெயர் உள்ளவர். எங்கள் டாக்டர் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும், நான் திருடினேன் என்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை, உங்களுக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டேன், எங்களிடம் விட்டுப்போன மனிதரை நீங்கள் பிழைக்கவைத்திருக்கிறீர்கள், அவருடைய முதல் ஸ்லைடு என்னிடம் இருக்கிறது, வேண்டுமா என்று இவர் கேட்டார். எப்போது வந்து பார்க்கலாம் என்று அவர் கேட்டாராம். முதல் ஸ்லைடை அவர் பார்த்ததே இல்லை. ஆட்டோக்காரர் டப்பாவில் கொண்டுபோன மெழுகுக் கட்டியில் சதை கொஞ்சம்தான் மிச்சம் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரே காரை ஓட்டிக்கொண்டு செங்கல்பட்டு வந்தார். உயரமாக, தலை முழுக்க நரைத்து, பேச்சில் அவசரம் உள்ள மனிதர். ஸ்லைடுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே டீ குடித்தார். மருத்துவமனை லேபில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மாதிரியான நுண்ணோக்கி ஒன்று இருந்தது. டாக்டர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் உட்கார்ந்து முதல் ஸ்லைடையும் இரண்டாவது ஸ்லைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இங்கே பாருங்கள், இது அப்போதே இருந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை, அது வேறு என்று மற்றவர் சொல்ல, குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கு முதலில் பயமாக இருந்தது, சண்டை வந்துவிட்டதோ என்று. கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. டாக்டர் பல வருஷமாகத் தேடிய ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் தன் வேலையைப் பற்றி வாய்விட்டு வாதாடுகிறார்.

என்னையும் பார்க்கச் சொன்னார்கள். இளஞ்சிவப்பில் சோப்பு நுரை மாதிரிக் குமிழ் குமிழாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று கூச்சப்பட்டேன். சென்னை டாக்டர், எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும் என்றார்.

திருத்தம் நான்கே வரியில் அச்சானது. இரண்டு கட்டுரையிலும் சொல்லப்பட்டவர் ஒரே நோயாளி, அவர் உயிரோடிருக்கிறார் என்று அதில் இருந்தது. துறைத் தலைவர் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார், மனசில்லாமல்தான். கீழே பெயர்களில் மூன்றாவதாக என் பெயர். முப்பது வருஷம் மற்றவர்கள் பெயரைத் தொகுத்தவளுக்கு அதுதான் முதல் கட்டுரை. வீட்டில் என் கணவர் அதை அச்செடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். மகன் நான்கு வரிதானா என்று கேட்டான். ஆமாம், நான்கு வரிதான் என்றேன்.

அதற்குப் பிறகு விஷயம் தானாகவே நகர்ந்தது. சென்னை டாக்டருக்கு வேறு ஊர்களில் பழக்கம் இருந்தது. அவரிடம் படித்தவர் ஒருத்தர் ஒரு ஊரில், அவரோடு படித்தவர் ஒருத்தர் இன்னொரு ஊரில். எங்களிடம் யார் யாரோடு பேசுவதில்லை என்கிற படம் இருந்தது. டாக்டர் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் கடிதம் எழுதினார். எழுதிய எல்லோரும் பதில் போடவில்லை. பதில் போட்டவர்கள் மாதம் ஒரு தடவை ஒன்றாகப் பேசுவது என்று ஆனது. சந்தேகமான ஸ்லைடு யாரிடம் வந்தாலும் மற்றவர்களுக்குப் படம் போகும். சிகிச்சை செய்த பிறகு நோயாளி ஊர் மாறிப் போனால், அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவரிடம் சொல்லி அனுப்புவார்கள். காணாமல் போகிறவர்கள் குறைந்தார்கள்.

ஆட்டோக்காரருக்கு அடுத்த வருஷம் எடுத்த ஸ்கேனில் அதே இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. பழைய ஸ்கேன், புதிய ஸ்கேன் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் சீக்கிரமே கண்ணில் பட்டது. கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தார்கள். அந்த நாட்களில் சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி அவர் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். அவர் மனைவி, சாப்பிடவே மாட்டேங்கறாரு, நீங்களாவது சொல்லுங்கக்கா என்பார். அவர் என்னிடம் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார், இப்போது எத்தனை டாக்டர் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று. எண்ணிக்கையைச் சொன்னால் மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். இப்போது வண்டி ஓட்டுவதில்லை. ஸ்டாண்டில் வண்டிகளை முறைப்படி அனுப்புகிற பொறுப்பில் இருக்கிறார், நிற்கவும் உட்காரவும் அவருக்கு அது தோதாக இருக்கிறது.

கொரோனா வந்ததும் சனிக்கிழமைகள் நின்றுபோயின. பஸ் இல்லை, வீட்டை விட்டு யாரும் வெளியே வரவில்லை. அது முடிவதற்குள் டாக்டருக்குத் திருச்சியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. கணவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவர்கள் குடும்பத்தோடு கிளம்பினார்கள். வழியனுப்பப் போக என்னால் முடியவில்லை. டவுன்ஷிப்பில் அப்போது எங்கள் பிளாக்கை அடைத்து வைத்திருந்தார்கள். போனில்தான் பேசினோம். சாமான் ஏற்றுகிற சத்தத்துக்கு நடுவே, அங்கே கூட இருந்து பெயர் சரிபார்க்க யாரும் இருக்க மாட்டார்களே என்றார். அழுதாரா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

இப்போது நாங்கள் நாவலூரில் மகனோடு இருக்கிறோம். பத்தாவது மாடி, கீழே எந்நேரமும் ஓ.எம்.ஆரின் இரைச்சல். பக்கத்து பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. செங்கல்பட்டில் மதியம் ஒரு மணிக்கு ரயில் போகிற சத்தமும், மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கத் தாள்களின் மேல் டைல்ஸ் துண்டை வைத்த விதமும், ஒரு முன்னெழுத்துக்காக நாங்கள் அரைமணி நேரம் சண்டை போட்டதும் ஏதாவது வேலையாக இருக்கும்போது திடீரென்று வந்து நிற்கும். அப்போது நாங்கள் ஏதோ பெரிய காரியம் செய்கிறோம் என்று நினைக்கவே இல்லை. சனிக்கிழமைக்கு ஒரு போக்கிடம் இருந்தது, அங்கே என்னை எதிர்பார்த்து ஒருத்தர் இருந்தார், அவ்வளவுதான்.

மாதாந்தரக் கூட்டம் இப்போதும் நடக்கிறது, வீடியோவில். எனக்கும் இணைப்பு அனுப்புகிறார்கள், பட்டியலை நான்தான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன் என்பதால். கேமராவை அணைத்துவிட்டு, மைக்கையும் மூடிவிட்டு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பேன். பேசுவது பாதி எனக்குப் புரியாது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டர் ஸ்லைடு ஒன்றைக் காட்டினார். திருச்சியிலிருந்து டாக்டர் ஒன்று சொன்னார். சென்னையிலிருந்து அந்த அவசரக் குரல் உடனே மறுத்தது. இவர் விடவில்லை. அவரும் விடவில்லை. புதியவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து அதை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.